பிழைத்த பிறகு: யாழ்ப்பாணத்தில் குறைமாதப் பிள்ளைகளின் தொடர்கண்காணிப்பு

மாதம் முந்திப் பிறந்த பிள்ளை உயிர் தப்பியதா என்பது ஒரு கேள்வி. அந்தப் பிள்ளை எப்போது நடந்தது, பள்ளியில் கணக்கு விளங்கியதா, நாற்பது வயதில் அதன் இரத்த அழுத்தம் எவ்வளவு என்பவை வேறு கேள்விகள். குறைமாதப் பிறப்பும் கடினமான பிரசவமும் பிற்காலக் கைகால் விறைப்புக்குக் காரணமாகலாம் என்று லண்டனில் வில்லியம் ஜோன் லிட்டில் எடுத்துரைத்தது 1861 இல். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீனின் காலகட்டம் அது. 1857 இலேயே மான்செலின் பிரசவ வைத்திய நூல் அங்கு தமிழாகிவிட்டது. 1898 இல் இணுவிலில் பெண்களுக்கான மக்லியோட் ஆஸ்பத்திரி எழுந்தது. இந்த முயற்சிகளின் கவனமெல்லாம் பிரசவ வேளையில் நின்றது.

பிள்ளையைப் பின்தொடரும் பழக்கம் வேறு வழியாக வந்தது. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் பரவியபோது, வீடு தேடி வரும் மருத்துவ மாது ஊர் வாழ்வின் பகுதியானார். மலேரியா கொள்ளைநோயாய்ப் பரவிய 1935 இல் இலங்கையில் ஆயிரம் பிறப்புக்கு 263 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 1946 இல் 141, அடுத்த ஆண்டே 101. மருத்துவ மாது மட்டும் இதற்குக் காரணமல்ல. மலேரியா ஒழிப்புக்கும் பெரும் பங்குண்டு. ஆனால் நிறை பார்த்து, திகதி குறித்து, மறுபடி வந்து பார்க்கும் ஒழுங்கை நிலைநாட்டியவர் அவர்தான். குறைமாதப் பிள்ளைக்கு இன்குபேட்டருக்கு நிகரான தேவை இந்த ஒழுங்கு என்பது என் துணிபு.

அந்த ஒழுங்கு குலையாதிருந்தால் என்ன அறியலாம் என்பதற்கு இந்தியாவின் புனே ஓர் அளவுகோல். அங்குள்ள கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் சுதா சௌத்ரியின் குழு, 1987 ஒக்டோபர் முதல் 1989 ஏப்ரல் வரை தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய, 2000 கிராமுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பதினெட்டு வயதுவரை பின்தொடர்ந்தது. அவர்களின் அறிவுத்திறன் சராசரி ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைவு, ஆயினும் இயல்பு எல்லைக்குள் இருந்தது. குறைமாதத்தோடு கருவில் வளர்ச்சியும் குன்றியவர்களே மிகப் பின்தங்கினர்.

அதே 1987 ஒக்டோபரில்தான் இந்திய இராணுவம் யாழ். போதனா வைத்தியசாலைக்குள் புகுந்தது. நோயாளரும் ஊழியரும் கொல்லப்பட்டனர். குழந்தை மருத்துவ நிபுணர் டொக்டர் சிவபாதசுந்தரமும் அவர்களுள் ஒருவர். 1990 இல் குடாநாட்டின் மின்சாரம் நின்றது, பொருளாதாரத் தடை இறுகியது. 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் பெயர்ந்தது. 1988 இல் பிறந்த பிள்ளைக்கு அப்போது ஏழு வயது. கற்றல் இடர்ப்பாடுகள் வெளித்தெரியும் வயது. விலாசம் மாறிய பிள்ளையை எந்தக் கிளினிக் தேடிக் கண்டுபிடிக்கும்? புனேயைப் போன்ற ஒரு தொடரை அந்தத் தலைமுறைக்கு இங்கு நடத்தியிருக்க முடியாது.

இன்று ஆஸ்பத்திரியிலேயே தாயின் கையில் பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேடு தரப்படுகிறது. மருத்துவ மாது முதல் பத்து நாளுக்குள் இருமுறை வீட்டுக்கு வரவேண்டும் என்பது விதி. முப்பத்திரண்டு வாரத்தில் பிறந்த பிள்ளையின் வளர்ச்சியைப் பிறந்த நாளிலிருந்து கணித்தால் தாய் வீணாகப் பயப்படுவாள். இரண்டு வயதுவரையேனும் எதிர்பார்த்த பேற்றுத் திகதியிலிருந்தே கணிக்க வேண்டும். இதைத் தாய்க்கு வீட்டில் பொறுமையாக விளக்கிச் சொல்லக் கூடியவரும் மருத்துவ மாதுதான்.

அந்தத் தலைமுறையின் குறைமாதப் பிள்ளைகள் இப்போது வளர்ந்தவர்களாக இருக்கிறார்கள். மாதம் முந்திப் பிறந்தோருக்கு வளர்ந்த பின் இரத்த அழுத்தம் கூடுதலாய் இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. குடாநாட்டின் கிளினிக்குகளில் இரத்த அழுத்தம் பார்க்கும்போது, எத்தனையாம் மாதத்தில் பிறந்தீர்கள், என்ன நிறை என்று கேட்டுக் கொப்பியில் எழுதலாம். அதைச் சொல்லக்கூடிய தாய்மார் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.