மயக்க மருந்து இல்லாத காலத்தில் ஓர் ஆபரேஷன்

இன்று ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் என்னவெல்லாம் நடக்கிறது? ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, இ.சி.ஜி. முதல் நாள் இரவிலிருந்து பட்டினி. சம்மதப் படிவத்தில் கையெழுத்து. ஃபிளாஸ்க், போர்வை, மாற்றுத்துணி சகிதம் துணைக்கு ஓர் உறவினர். பணம் கட்டிய ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள இன்னொருவர்! இதில் எதுவுமே இல்லாத காலத்தில் நோயாளி எப்படித் தயாரானார்? இதற்கு ஒரு நோயாளியே எழுதிய பதில் இருக்கிறது.

அவர் பெயர் ஃபேனி பர்னி. 1752-ல் பிறந்த ஆங்கில நாவலாசிரியை. 1778-ல் வெளிவந்த 'எவலினா' என்ற நாவலால் புகழ் பெற்றவர். பிரெஞ்சுக்காரரான அலெக்சாந்தர் தார்ப்ளேயை மணந்து, 1802-ல் பிரான்சுக்குப் போனார். போன இடத்தில் இரு நாடுகளுக்கும் போர் மூண்டுவிட, பல வருடங்கள் ஊர் திரும்ப முடியவில்லை. 1810-ல் மார்பில் வலி ஆரம்பித்தது. கட்டி வளர்ந்தது. 1811-ல் மருத்துவர்கள் கூடிப் பேசி, அறுவைதான் ஒரே வழி என்றார்கள். அப்போது அவருக்கு வயது 59.

மருத்துவர்கள் சாதாரணமானவர்கள் அல்ல. அறுவையைச் செய்தவர் நெப்போலியன் படையின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் லாரே. உடன் வந்த துபுவா, அதே ஆண்டு நெப்போலியனின் மனைவிக்குப் பிரசவம் பார்த்தவர். ஆனாலும் ஆபரேஷன் நடந்தது ஆஸ்பத்திரியில் அல்ல, ஃபேனியின் வீட்டில்! அன்றைய ஐரோப்பாவில் ஆஸ்பத்திரி என்பது போக்கிடமில்லாத ஏழைகளுக்கானது. வசதியுள்ளவர்கள் வீட்டிலேயே அறுவை செய்துகொண்டார்கள்.

நாளை முன்கூட்டிச் சொல்லப் போவதில்லை, சில மணி நேரத்துக்கு முன்புதான் தகவல் வரும் என்று மருத்துவர்கள் தெரிவித்திருந்தார்கள். தேதி தெரிந்தால் நோயாளி நினைத்து நினைத்தே நொந்து போவார் என்பது அவர்கள் எண்ணமாக இருக்கலாம். நல்ல எண்ணம்தான். ஆனால் நடந்தது என்ன? சுமார் மூன்று வாரம், ஒவ்வொரு நாளும் 'இன்றைக்கோ?' என்று ஃபேனி காத்திருந்தார்.

செப்டம்பர் 30 காலை, படுக்கையில் இருந்தபோதே கடிதம் வந்தது. பத்து மணிக்கு வருகிறோம் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் கணவர். அவர் இதைப் பார்க்கக் கூடாது என்பதில் ஃபேனி உறுதியாக இருந்தார். யோசிக்க நேரம் வேண்டும் என்பதற்காக அந்தக் குறிப்பை நெடுநேரம் படிப்பது போல் பாவனை செய்தாராம்! பிறகு, அவசர வேலை என்று சொல்லிக் கணவரை அலுவலகத்திலேயே நிறுத்தி வைக்க ஆள் மூலம் ஏற்பாடு செய்தார். மருத்துவர்களிடம் ஒரு மணி வரை அவகாசம் கேட்டார். அது மூன்று மணி ஆயிற்று.

பக்கத்து அறைக்குப் போனால் அங்கே கட்டுத்துணிகள், பஞ்சு, ஸ்பாஞ்சுகள் குவிந்து கிடந்தன. பார்த்ததும் குமட்டியது. மனம் மரத்துப் போகும் வரை அறையில் முன்னும் பின்னும் நடந்தார். ஒருவேளை பிழைக்காவிட்டால் என்று கணவருக்கும் மகனுக்கும் சில வரிகள் எழுதி வைத்தார். அவ்வளவுதான் அவருடைய 'தயாரிப்பு'.

மூன்று மணிக்கு வண்டிகள் வந்து நின்றன. கறுப்பு உடையில் ஏழு ஆண்கள் உள்ளே நுழைந்தார்கள். குடிக்க ஒயின் கலந்த ஒரு பானம் கொடுத்தார்கள். மயக்க மருந்துக்குப் பதில் அதுதான். துபுவா, கட்டிலை அறையின் நடுவில் போடச் சொன்னார். பழைய மெத்தை இரண்டும் பழைய விரிப்பும் கேட்டார். ஃபேனி திகைத்து லாரேயைத் திரும்பிப் பார்த்தார். ஏனென்றால் ஒரு சாய்வு நாற்காலி போதும் என்று சொல்லியிருந்தவர் அவர்தான். லாரே தலையைக் குனிந்துகொண்டார். அவர் முகத்தையே பார்க்கவில்லை.

முகத்தில் ஒரு மெல்லிய கைக்குட்டையைப் போட்டார்கள். அது ஒளி ஊடுருவும் துணி! அதன் வழியே கத்தி பளபளத்தது தெரிந்தது. ஒரு விரல் காற்றில் சிலுவையும் வட்டமும் வரைந்ததும் தெரிந்தது. முழு மார்பையும் எடுக்கப் போகிறார்கள் என்பதை ஃபேனி அறிந்துகொண்டது அந்த விரலிலிருந்துதான். யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. துள்ளி எழுந்து, வலி ஓர் இடத்தில்தான் என்று விளக்கினார். கேட்டார்கள். பிறகு அதே விரல் மறுபடி அதே கோடுகளை வரைந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இருபது நிமிடம். வெட்டிய நேரம் முழுக்க அலறினார். முடிந்ததும் கண்ணைத் திறந்தபோது, லாரேயின் முகமும் தன்னைப் போலவே வெளிறி, ரத்தத் தெறிப்புகளுடன் இருந்ததைக் கண்டார்.

ஈதர் கொடுத்து வலியில்லாமல் அறுவை செய்யலாம் என்று பாஸ்டன் நகரில் பலர் முன்னிலையில் நிரூபிக்கப்பட்டது 1846-ல். லிஸ்டரின் கிருமிநாசினி முறை வந்தது 1867-ல். ஃபேனி இரண்டையும் பார்க்கவில்லை. ஆனால் சீழ்பிடித்துச் சாகவும் இல்லை. 1840 வரை, 87 வயது வரை வாழ்ந்தார். இத்தனை வருடம் வாழ்ந்ததாலேயே, அந்தக் கட்டி புற்றுநோய்தானா என்று பிற்கால மருத்துவர்கள் சிலர் சந்தேகப்படுகிறார்கள்.

இதையெல்லாம் அவர் தம் அக்கா எஸ்தருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். அடுத்தவர் வாயிலிருந்து தப்பும் தவறுமாகக் கேட்டு அக்கா பதறக் கூடாதே என்றுதான் எழுத உட்கார்ந்தார். 1812 மார்ச்சில் தொடங்கிய கடிதத்தை முடிக்க ஜூன் ஆகிவிட்டது. நாவல் நாவலாக எழுதிய கைதான் அது! எழுத எழுதத் தலைவலி வந்து நிறுத்தினார். எழுதி முடித்ததைத் திரும்பப் படித்துப் பார்க்க மட்டும் அவரால் முடியவில்லை.