உடலறைகளும் தமிழ்ச் சொற்களும்

நம் உடலினுள் மார்பறையையும் வயிற்றறையையும் உதரவிதானம் என்னும் தசைச்சுவர் பிரிக்கின்றது. நுரையீரலையும் குடலையும் ஈரடுக்கு மென்சவ்வுகள் போர்த்துள்ளன. அடுக்குகளிடையே ஊறும் சிறிது நீர் உராய்வைத் தணிக்கின்றது.

இவற்றைத் தமிழில் கற்பிக்க இயலுமோ என ஐயுறுவோருக்கு யாழ்ப்பாணம் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே விடை தந்தது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழ் பயின்று, மானிப்பாயில் மாணவர்க்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே போதித்தார். தமிழ்ச்சொல் கிட்டாதவிடத்து வடமொழியை நாடினார். கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ எனத் தமிழில் வெளிவந்தது.

வித்துராவிலாயினும் தில்லியிலாயினும், தம் உடலைப் பிறமொழியில் மட்டுமே அறிந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு அத்தமிழ்ப் பெயர்களையும் சொல்லித் தருவோமாக. இல்லையேல், பாட்டி உரைக்கும் நோவு பேரனுக்கு விளங்காது.