அம்மீட்டர் முள் நடுவுக்கு வரட்டும்

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே கிடந்த பதிவு இது. பைக் பிடிக்காதவங்க கொஞ்சம் பொறுத்துக்கங்க மக்களே.

எங்க சித்தப்பாகிட்ட ஒரு பழைய புல்லட் 350 இருந்துச்சு. காலைல அவர் அதை ஸ்டார்ட் பண்றது ஒரு பூஜை மாதிரி நடக்கும். சாவியைத் திருப்பி கிக்கரை மெதுவா மிதிப்பார், கண்ணு மட்டும் ஹெட்லைட் மேல இருக்கிற அம்மீட்டர்லயே இருக்கும். முள் சாயும், நிமிரும், சாயும். நடுவுல வந்து நின்னதும் இடது கையால டீகம்ப்ரஸரைப் பிடிச்சுக்கிட்டு இன்னும் ஒரு துளி மிதிப்பார். அப்புறம் லிவரை விட்டுட்டு ஒரே உதை. தட்... தட்... தட்...

விஷயம் இதுதான். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலுக்குக் கரண்ட் போகும், முள் சாயும். திறந்ததும் நடுவுக்கு வந்துடும், அதாவது பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்துல வந்தாச்சு. அந்த உச்சியைத் தாண்ட வெச்சுட்டு உதைக்கணும். அவசரப்பட்டா கிக்கர் திருப்பி உதைக்கும், அப்புறம் கணுக்காலுக்கு மாவுக்கட்டுதான்.

வண்டியோட பூர்வீகம் இங்கிலாந்துல இருக்கிற ரெட்டிச். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோட கூட்டு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா ஆரம்பிச்சாங்க. திருவொற்றியூர்ல முதல்ல பாகங்களைக் கோர்த்தாங்க, போகப் போக எல்லாத்தையும் இங்கேயே செஞ்சாங்க. ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடிட்டாங்க. தாய்வீடு போயிடுச்சு, பொண்ணு மட்டும் வடசென்னையில அதே புடவையோட இருந்தா. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆரம்பமாச்சு :-)

குறைக்குப் பஞ்சமே இல்ல. வலது காலுக்குக் கியர், இடது காலுக்கு பிரேக். அது பழைய பிரிட்டிஷ் வழக்கம். முதல் கியர் மேலே, மத்த மூணும் கீழே. நியூட்ரல் கண்டுபிடிக்கிறது கஷ்டம்னு அவங்களுக்கே தெரிஞ்சு, அதுக்குன்னு தனியா ஒரு லிவர் வெச்சிருந்தாங்க. அதிர்வு, டிரம் பிரேக், ஆயில் கசிவு வேற. ஆயில் ஒழுகலைன்னா உள்ள ஆயிலே இல்லன்னு மெக்கானிக்குங்க ஜோக் அடிப்பாங்க.

இதுல தொண்ணூறுகள்ல டீசல் புல்லட் வேற வந்துச்சு, பேரு டாரஸ். 325 சிசி, ஆறரை குதிரைச்சக்தி. எருமை மாதிரி நகரும், ஆனா லிட்டருக்குக் கொடுத்த மைலேஜுக்கு அதையும் தேடித்தேடி வாங்கினாங்க.

அப்புறம் ஏங்க இவ்வளவு பிரியம்? ஒழுகுற ஆயிலைக் காதல்னு சொல்றவங்களை நான் நம்பறதில்ல. லைசென்ஸ் ராஜ் காலத்துல ராஜ்தூத், ஜாவா-யெஸ்டி, புல்லட்னு விரல் விட்டு எண்ணிடலாம். கிடைச்சதை வாங்கினாங்க, அவ்வளவுதான். 1984, 85-ல் இண்ட்-சுசூகி, ஹீரோ ஹோண்டா, ஆர்எக்ஸ் 100 எல்லாம் வந்தப்பதான் நிஜமான பரீட்சை. போய்ச்சேர ஒரு வண்டி போதும்னவங்க எல்லாம் அந்தப் பக்கம் போயிட்டாங்க. மிச்சம் நின்னவங்கதான் காதலிச்சவங்க. அவங்க கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்ட வித்தை அது, விட்டுட்டுப் போக மனசு வரல. அந்தச் சத்தமும் சும்மா வரல. 70 மிமீ போர், 90 மிமீ ஸ்ட்ரோக், கனத்த ஃப்ளைவீல். ஒவ்வொரு வெடியையும் தனித்தனியா எண்ணலாம்.

ஆனா காதலை வெச்சு கம்பெனி நடத்த முடியுமா? 1994-ல் ஐஷர் கைக்கு வந்தும், 2000 வாக்குல மாசம் ரெண்டாயிரம் வண்டி விக்கவே திணறி, மூடிடலாமான்னு யோசிக்கிற நிலைமை. புது ஆளுங்க வரணும்னா கியர் இடது பக்கம் போகணும், பட்டன் ஸ்டார்ட் வேணும். பழைய ஆளுங்களுக்கு அதுவே துரோகம். 2008-ல் தொடங்கி புது யூசிஇ எஞ்சின் வந்தப்ப "சத்தம் போச்சே"ன்னு ஒரே ஒப்பாரி. விற்பனை என்னவோ பல மடங்கு ஏறிச்சு. 2023-ல் அதிர்வைக் குறைக்கிற பேலன்சர் வெச்ச எஞ்சின் புல்லட்டுக்கு வந்தப்பவும் அதே ஒப்பாரிதான். நானும் கூட அழுதேன், ஒத்துக்கறேன்.

போன வருஷம் தம்பி புதுசு ஒண்ணு வாங்கி சித்தப்பாவை உக்கார வெச்சான். பட்டனை அமுக்கினார். பிடிச்சுக்கிச்சு.

"என்னடா, அதுக்குள்ளயா?"ன்னார். கண்ணு இன்னும் அம்மீட்டரைத் தேடிக்கிட்டிருந்துச்சு.