சான்றிதழும் சங்கிலிப் பதிவேடும்

கற்றவர் தகுதிக்குச் சான்றிதழே சாட்சி. அச்சாட்சியையே பொய்யாகப் புனைவோரும் உளர். அதனைத் தடுக்கும் வழி கல்விக்கூடத்தில் தோன்றவில்லை, ஆய்வுக்கூடத்தில் தோன்றியது. 1991ஆம் ஆண்டில் ஸ்டுவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா எனும் அறிஞர் இருவர், கணினி ஆவணங்களுக்குக் காலமுத்திரை இடும் முறையொன்றை வகுத்தனர். ஆவணத்தைக் கணித வழியில் சுருக்கினால் ஒரு குறியீடு கிடைக்கும். ஆவணத்தில் ஓர் எழுத்து மாறினும் குறியீடு வேறாகிவிடும். ஒவ்வொரு பதிவும் முந்திய பதிவின் குறியீட்டைத் தன்னுள் தாங்கி நிற்பதால், இடையில் ஒன்றைக் கள்ளத்தனமாகத் திருத்தினால் சங்கிலியே காட்டிக்கொடுத்துவிடும். பிளாக்செயின் என்பதன் அடிப்படை இதுவே. 2008இல் வெளிவந்த பிட்காயின் கட்டுரை இதனைப் பணத்திற்குப் பயன்படுத்தியது. அக்கதை இங்கு வேண்டா.

2014இல் சைப்பிரஸ் நாட்டு நிக்கோசியா பல்கலைக்கழகம் இம்முறையில் சான்றிதழ் வழங்கியது. 2017இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 111 பட்டதாரிகளுடன் இதனைச் சோதித்தது. மலேசியக் கல்வி அமைச்சு 2018இல் ‘இ-ஸ்க்ரோல்’ முறையையும், சிங்கப்பூர் 2019இல் ‘ஓப்பன்செர்ட்ஸ்’ முறையையும் கொண்டுவந்தன. சிங்கப்பூர் முறையில் சான்றிதழ் மாணவரிடமே இருக்கும். குறியீடு மட்டுமே பொதுப் பதிவேட்டில் ஏறும். வேலை தருவோர் கல்லூரிக்கு மடல் எழுதிக் காத்திராமல் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆயினும், ஆசிரியர் தவறாக இட்ட மதிப்பெண்ணை இப்பதிவேடு அறியாது. அதனையும் அதே உறுதியுடன் காத்து நிற்கும். பிழை தெரிந்தபின் அழிக்கவும் இயலாது. பழைய சான்றிதழ் செல்லாது என அறிவித்து, புதியதொன்றை வழங்கவேண்டும். இரண்டின் தடமும் பதிவேட்டில் நிலைத்திருக்கும்.