நோய்க் குறிப்பேடு யாருக்காக?

மருத்துவத்துக்கு உறுப்புகள் நான்கு என வகுத்தார் வள்ளுவர். அவை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என்பனவாம். 20ஆம் நூற்றாண்டில் இவற்றோடு ஐந்தாவதொன்றும் சேர்ந்தது. செலவை ஏற்கும் நிறுவனமே அது. அதன் வரவால் மருத்துவரின் எழுத்துப்பணி எவ்வாறு பெருகியது என்பதற்கு அமெரிக்க நாட்டு வரலாறு தக்க சான்றாகும்.

1907க்கு முன், மினசோட்டா மாநிலத்து மேயோ மருத்துவமனையில் மருத்துவர் ஒவ்வொருவரும் தத்தம் பேரேட்டில் குறிப்பெழுதி வந்தனர். ஒரே நோயாளியைப் பற்றிய செய்திகள் பல ஏடுகளில் சிதறிக் கிடந்தன. அவ்வாண்டில் ஹென்றி பிளம்மர் என்னும் மருத்துவர், நோயாளி ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணும் ஒரே கோப்பும் அமைத்தார். முன்னைய நோய், செய்த சோதனை, அளித்த சிகிச்சை யாவும் ஓரிடத்தில் கிடைத்தன. எழுதியவரும் மருத்துவர், படித்தவரும் மருத்துவர், பயன் பெற்றவர் நோயாளி.

1965இல் மெடிகேர் எனப்படும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. முதியோர்க்கு அது பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆயினும், பொதுப்பணத்தைக் கொடுப்பவர் கணக்குக் கேட்பது இயல்பன்றோ? 1995இலும் 1997இலும் வந்த விதிகள், மருத்துவர் எவற்றையெல்லாம் வினவினார், எத்தனை உறுப்புகளைச் சோதித்தார் என்பனவற்றைக் குறிப்பேட்டில் எண்ணிக் கட்டணப் படியை வரையறுத்தன. எழுதாதது செய்யாததாகவே கொள்ளப்பட்டது. குறிப்புகள் நீண்டன.

2009இல் இயற்றப்பட்ட சட்டம், குறிப்பேட்டைக் கணினிக்கு மாற்ற ஊக்கத்தொகை அளித்தது. புரியாத கையெழுத்தின் தொல்லை குறைந்தது; பழைய விதிகளோ கணினிக்குள்ளும் குடிபுகுந்தன. 2016இல் வெளியான ஆய்வொன்று 57 மருத்துவர்களின் பணியை உடனிருந்து கவனித்தது. நோயாளியோடு நேரில் கழிந்தது பணிநேரத்தில் 27 விழுக்காடு. கணினிக்கும் மேசை வேலைக்கும் சென்றது 49 விழுக்காடு. அவர்களுள் நாட்குறிப்பு எழுதித் தந்தவர்கள், இரவிலும் ஒன்றிரண்டு மணி நேரம் இவ்வேலைக்கே சென்றதாகக் குறித்திருந்தனர்.

2021 முதல், வெளிநோயாளரைக் காணும் மருத்துவர்க்கு அவ்வாறு எண்ணிக் கட்டணம் வகுக்கும் முறை கைவிடப்பட்டது. எடுத்த முடிவின் சிக்கலோ, செலவான நேரமோ அளவுகோலாயிற்று. இத்திருத்தம் வரக் கால் நூற்றாண்டு ஆயிற்று.

பிளம்மரின் கோப்பும் எழுத்துதான். கட்டண விதிக்கு நிரப்பிய பக்கங்களும் எழுத்துதான். அடுத்து வரும் மருத்துவருக்கு வழிகாட்டும் குறிப்பு மருந்துக்கு நிகராகும். கணக்குக் கேட்பவருக்கென்றே எழுதும் குறிப்போ, நோயாளியின் முகம் பார்க்க வேண்டிய நேரத்தை உண்டுவிடும். புதிய படிவம் ஒன்றை வகுப்போர், அதனைப் படிக்கப் போகிறவர் யார் என்று முதலில் கேட்டுக்கொள்வது நலம்.