சதுரங்கப்பட்டினம்

சதுரங்கப்பட்டினம், செங்கல்பட்டு மாவட்டத்தில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே சுமார் 15 கி.மீ. தொலைவில் வங்கக் கடலோரம் அமைந்த சிற்றூர். பேச்சுவழக்கில் சட்ராஸ். டச்சுக்காரர்கள் கட்டிய செங்கல் கோட்டையும், அதன் முன்னே நீளும் மணற்கரையும் இவ்வூரின் சிறப்பு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு விரைகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. அரை நாளாவது செலவிடத் தகுந்த ஊர் இது.

ஐரோப்பியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே இது துறைமுகம். சம்புவராய மன்னர் ஒருவரின் பெயரால் இராசநாராயணன் பட்டினம் என்றும் வழங்கியது. 1602இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 17ஆம் நூற்றாண்டில் இங்கே பண்டகசாலை வைத்தது. அவர்களை இழுத்தது துணி. சுற்றுவட்டாரத் தறிகளில் நெய்த மெல்லிய மஸ்லின் இங்கிருந்து கப்பலேறியது.

கர்நாடகப் போர்களின்போது டச்சுக்காரர்கள் நடுநிலை வகித்ததால், 1754 ஜனவரியில் ஆங்கிலேய, பிரெஞ்சுப் பிரதிநிதிகள் சமாதானம் பேச இவ்வூரில்தான் கூடினார்கள்; பேச்சு முறிந்தது. 1781இல் ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றினர். 1782 பிப்ரவரி 17 அன்று ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் இவ்வூருக்கு எதிரே கடலில் மோதினர். யாருக்கும் முழு வெற்றி இல்லை. பின்னர் ஊர் பலமுறை கைமாறி, 1824ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 1825இல் நிரந்தரமாக ஆங்கிலேயர் வசமானது.

கோட்டை இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. மதில் பல இடங்களில் சிதைந்திருந்தாலும் தானியக் கிடங்குகளும் கிணறும் யானை ஏறுவதற்கான மேடையும் அடையாளம் தெரிகின்றன. அகழாய்வில் புகைக்குழாய்களும் சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. எல்லாவற்றிலும் நின்று பார்க்க வேண்டியது உள்ளே தனிச் சுற்றுச்சுவருக்குள் இருக்கும் கல்லறைத் தோட்டம். கிடையாகப் பதித்த பெரிய கற்பலகைகளில் டச்சு எழுத்துகளும் குலச் சின்னங்களும் அவ்வளவு நுட்பமாகச் செதுக்கப்பட்டுள்ளன. சாய்வெயில் விழும்போது, தேய்ந்துபோன எழுத்தும் தெளிவாகத் தெரியும்.

கோட்டையை விட்டு வெளியே வந்தால் கடல். இது மீனவர்களின் கரை; வலையும் படகும் அவர்கள் பிழைப்பு. 2004 சுனாமியில் இந்தப் பகுதி கடும் அடி வாங்கியது. குளிப்பதற்குப் பாதுகாப்பான கரை அல்ல. காலை நனைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வடக்கே சென்னை அணுமின் நிலையமும், தெற்கே கல்பாக்கம் ஊழியர் குடியிருப்பும் இருப்பதால் கட்டுப்பாடுகள் உண்டு.

தாம்பரத்திலிருந்து ஏறக்குறைய 60 கி.மீ. மின்சார ரயிலில் செங்கல்பட்டு சென்று, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம் பேருந்தில் வரலாம். வழியில் திருக்கழுக்குன்றம் மலையில் உள்ள ஒருகல் மண்டபத்தையும் பார்த்துவிட வேண்டும். பல்லவர் காலக் குடைவரையான அதில், 17ஆம் நூற்றாண்டில் வந்த டச்சுக்காரர்கள் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள்.

இன்று அப்படிக் கீறுவது குற்றம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. சட்டம் இருக்கட்டும், சட்ராஸ் போகிறவர்கள் அந்தக் கல்லறைப் பலகைகள் மீது ஏறாமல், உட்காராமல், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.