நெட்புக்

சிறிய திரையும் ஒரு கிலோவை ஒட்டிய எடையும் கொண்ட மலிவு விலை மடிக்கணினி வகை. இணையம், மின்னஞ்சல், எழுத்து வேலை ஆகியவற்றுக்கென உருவானது. 2007 இறுதியில் பரவத் தொடங்கி, ஐந்தாறு ஆண்டுகளில் கடைகளிலிருந்து மறைந்தது.

கையடக்க மடிக்கணினிகள் அதற்கு முன்பும் இருந்தன. தோஷிபாவின் லிப்ரெட்டோ 1996இலேயே ஒரு கிலோவுக்குக் குறைவான எடையில் வந்தது. பிரிட்டனின் சயான் நிறுவனம் 1999இல் நெட்புக் என்ற பெயரிலேயே ஒரு கருவியை விற்றது. இரண்டும் விலை கூடியவை. மலிவு என்ற எண்ணத்துக்கு வித்திட்டது, நிக்கலஸ் நெக்ரோபான்டி 2005இல் அறிவித்த, குழந்தைகளுக்கான 100 டாலர் மடிக்கணினித் திட்டம் என்பர். ஆகவே முதல் நெட்புக் எது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பெரும்பாலோர் சுட்டுவது, தைவானின் ஏசஸ் நிறுவனம் 2007 அக்டோபரில் வெளியிட்ட ஈ பிசி 701ஐ.

701இன் எடை 920 கிராம். திரை 7 அங்குலம். அதன் இருபுறமும் ஒலிபெருக்கிகள். நினைவகம் 512 எம்பி, சேமிப்பு 4 ஜிபி. சுழலும் வன்தட்டுக்குப் பதில் ஃபிளாஷ் நினைவகம் என்பதால், பையில் போட்டுக் குலுக்கினாலும் அஞ்ச வேண்டியதில்லை. 900 மெகாஹெர்ட்ஸ் செலரான் செயலி 630இல்தான் ஓடியது. வெப்பத்தையும் மின்செலவையும் குறைக்கவே இப்படிச் செய்தார்கள் என்பது பொதுவான விளக்கம். பயனர்கள் சிறு நிரல்களைக் கொண்டு அதை 900க்கு ஏற்றிக்கொண்டார்கள். தைப்பேயில் ஜூன் மாதம் 199 டாலர் எனப் பேசப்பட்ட விலை, அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது 399 ஆகியிருந்தது.

லினக்ஸில் இயங்கிய இக்கருவி விரைவாகத் தொடங்கியது. எழுதவும் படிக்கவும் வேகம் போதுமாக இருந்தது. சிரமம் திரையில்தான். அன்றைய இணையப் பக்கங்கள் 1024 புள்ளி அகலத்துக்கு வடிவமைக்கப்பட்டவை. இத்திரையின் அகலம் 800. ஒவ்வொரு வரியையும் படிக்கப் பக்கத்தை வலமும் இடமும் நகர்த்த வேண்டும். உயரமோ 480 புள்ளிதான். அமைப்புப் பெட்டிகளின் ‘ஓகே’ பொத்தான் திரைக்குக் கீழே ஒளிந்துவிடும். ஆல்ட் விசையை அழுத்தியபடி பெட்டியை மேலே இழுத்தால்தான் அது கண்ணில் படும். தொடக்ககால ஈ பிசிக்கள் சிலவற்றில் வலப்புற ஷிஃப்ட் விசை மேல்நோக்கு அம்புக்குறிக்கு அப்பால் இருந்தது. பெரிய எழுத்துக்காக விரல் போனால் சுட்டி முந்தைய வரிக்குத் தாவிவிடும். மூன்று மணி நேரத்தை ஒட்டியே தாங்கிய மின்கலத்தைக் காட்டிலும் இந்த ஒரு விசை பலருக்கு எரிச்சலூட்டியிருக்கக்கூடும்.

2008இல் இன்டெல் வெளியிட்ட ஆட்டம் என்270 செயலி இத்துறையை ஒரே அச்சில் வார்த்தது. 1.6 கிகாஹெர்ட்ஸ் வேகம், 2.5 வாட் மின்தேவை. அதனுடன் இணைந்த 945 துணைச் சில்லோ செயலியைவிடக் கூடுதல் மின்சாரம் குடித்தது. ஏசர், எம்எஸ்ஐ, டெல் என எல்லோரும் இதே செயலியை வைத்ததால் வேக ஒப்பீட்டில் சொல்ல அதிகம் இல்லை. மதிப்பீடு விசைப்பலகைக்கும் மின்கலத்துக்கும் நகர்ந்தது. மூன்று செல் மின்கலம் இலகுவானது, விரைவில் தீர்ந்துவிடும். ஆறு செல் மின்கலமோ பல கருவிகளில் பின்னால் துருத்திக்கொண்டு நிற்கும். சாம்சங் என்சி10 அகன்ற விசைகளையும் ஆறு செல்லையும் 1.3 கிலோவை ஒட்டிய எடையில் அடக்கியது. அதற்குக் கிடைத்த பாராட்டு நியாயமானது.

நெட்புக் என்ற பெயருக்குச் சயான் உரிமை கோரிய வழக்கு 2009இல் சமரசத்தில் முடிந்தது.

வீழ்ச்சிக்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. மலிவு விலை விண்டோஸ் எக்ஸ்பி உரிமத்துக்காக நினைவகம் 1 ஜிபிக்குள் கட்டுண்டது. அடுத்து வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் திரைப் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற இயலாது. உயர்தெளிவுக் காணொளிக்குக் கருவி திணறியது. 2010இல் ஐபேட் வந்தது. சாதாரண மடிக்கணினிகளின் விலையும் இறங்கியது. இவற்றுள் எது முதன்மையானது என்பதில் ஆய்வாளர் வேறுபடுகின்றனர்.

2013இல் ஈ பிசி வரிசை நின்றது. 2011இல் அறிமுகமான குரோம்புக்குகளும், 2014இல் 200 டாலரை ஒட்டி வந்த எச்பி ஸ்ட்ரீம் 11உம் இதன் வழித்தோன்றல்களாகக் கருதப்படுகின்றன.